கண்ணாடியும் கதிரவனும்: குளிர்நாட்டு முன்பருவக் காய்கறிச் செய்கையின் வரலாறு

வெப்பநாடுகளிலே உழவனை ஆள்வது நீர். வடபுலக் குளிர்நாடுகளிலே அவனை ஆள்வன வெம்மையும் ஒளியும். பாரிசு, இலண்டன் முதலிய நகரங்களைச் சூழ்ந்த நிலங்களிலே நவம்பர் மாதந் தொடங்கி மார்ச்சு மாதம் வரை விதை முளைத்தல் அரிது. இலையுதிர் காலத்திலே நிலவறைகளிற் சேமித்து வைத்த கிழங்கும் கோவாவும் வெங்காயமும் ஏப்பிரில் மாதமளவிலே தீர்ந்துவிடும். வயலிலே புதிய காய்கறிகள் நிரம்பத் தோன்றுதற்கோ யூன் மாதம் வரவேண்டும். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வாரங்களை ஆங்கில நாட்டுத் தோட்டக்காரர் 'பசி இடைவெளி' எனப் பெயரிட்டு வழங்கினர். அவ்விடைவெளியைச் சில வாரங்களாயினுங் குறுக்குதற்கு மனிதர் செய்த முயற்சியே முன்பருவக் காய்கறிச் செய்கையின் வரலாறாகும். விறகும் நிலக்கரியும் எரித்து அதனைச் செய்தோர் உளர். அவர்தம் வரலாறு செல்வரது மாளிகைத் தோட்டங்களின் வரலாறு, பலராலும் எழுதப்பட்டது. தீ மூட்டாது, கண்ணாடியையும் கதிரவனையும் தம் கையுழைப்பையுமே நம்பி அதனைச் செய்தோரின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. அவருட் பெரும்பாலார் எழுதும் வழக்கமில்லாத எளிய தோட்டக்காரராயிருந்தமையே அதற்குக் காரணமாம்.

இம்முயற்சியைப்பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான சான்று உரோமாபுரியைச் சார்ந்தது. கி. பி. 14 முதல் 37 வரை அரசாண்ட தைபீரியசு மன்னன் வெள்ளரியிலே பெருவிருப்புடையன். அவனுக்காகச் சில்லுகள் பூட்டிய பாத்திகள் அமைக்கப்பட்டன. வெயில் எறிக்கும்போது அவை வெளியே உருட்டப்பட்டன. குளிர் மிகும்போது ஒளி ஊடுருவுங் கற்பலகைகளின் கீழே கொண்டுசெல்லப்பட்டன. அக்கற்பலகை கண்ணாடியன்று; மெல்லிய தகடுகளாகப் பிளக்கத்தக்க ஒருவகைப் படிகக்கல். இசுப்பானிய நாட்டிலே செகோபிரிகா நகரைச் சூழ்ந்த சுரங்கங்களிலிருந்து அது பெறப்பட்டது. இச்செய்தியைக் கூறுவோர் இருவர். மன்னனுக்கு வெள்ளரி கிடையாத நாள் ஒன்றேனும் இருந்ததில்லை என்கிறார் பிளினி. அவருக்குச் சற்று முன்னே எழுதிய கொலுமெல்லாவோ, ஆண்டின் பெரும்பகுதியிலும் கிடைத்தது என்ற அளவிலே நிறுத்துகிறார். கொலுமெல்லா வேளாண்மையைத் தாமே செய்து பழகியவர். மாரிகாலத்து வெள்ளரியின் அருமை அவருக்குத் தெரியும். ஆதலின் அவர் கூற்றையே கொள்ளுதல் தகும். அன்றியும், உரோமர் குறித்த அக்காய் இன்று நாம் உண்ணும் வெள்ளரியன்று, நீண்டு வளைந்த ஒருவகை முலாம்பழத்தின் பிஞ்சே எனப் பிற்காலத் தாவரவியல் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். பாத்திக்குச் சில்லுப் பூட்டிய செய்தி அதனாற் பொய்யாகிவிடாது.

அக்காலத்துக் கவிஞரான மார்சியல் இவ்வழக்கத்தை எள்ளி நகையாடினார். தம்மை விருந்துக்கழைத்த செல்வர் தமது பழமரங்களுக்கு ஒளிபுகுங் கற்பலகையாற் காப்பு அமைத்துவிட்டு, விருந்தினருக்கு மட்டும் யன்னல் பொருந்தாத குளிரறையைக் கொடுத்தார் என்பதும், மரமாக இருந்திருப்பின் நன்றாக உபசரிக்கப்பட்டிருக்கலாம் என்பதும் அவர் முறைப்பாடு. நகைச்சுவையாயினும் அது உண்மையான ஒரு செய்தியைத் தொடுகிறது. பருவத்துக்கு முந்திய காய் தோன்றிய நாள் முதலாகவே செல்வரின் உணவாயிற்று. அதனை விளைவித்தவன் அதனை உண்டான் என்று எங்கும் எழுதப்பட்டிலது.

வரலாற்றைத் தொடர்தற்கு முன், தீ மூட்டாத கண்ணாடி மனையினுள்ளே நிகழ்வது யாதென அறிதல் வேண்டும். ஞாயிற்றின் ஒளி கண்ணாடியூடே புகுந்து மண்ணிலும் இலையிலும் பட்டு வெம்மையாக மாறுகின்றது. வெம்மையுற்ற மண் தன்னைத் தொடுங் காற்றைச் சூடாக்குகிறது. வெளியிலேயாயின் அக்காற்று மேலெழுந்து போய்விடும். குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும். கண்ணாடியோ அதனைப் போகவிடாது அடைத்து வைக்கிறது. சுவிற்சலாந்து நாட்டு அறிஞர் சொசூர் 1767ஆம் ஆண்டிலே ஒன்றனுள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை வைத்து இவ்வெம்மையை அளந்து பார்த்தார். கண்ணாடி ஒளியை உள்ளே விட்டு வெப்பக் கதிரை வெளியே விடாது தடுப்பதே இதற்குத் தலையாய காரணம் என்னும் கொள்கை பின்னர் நிலைபெற்றது. 1909இல் அமெரிக்க அறிஞர் ஆர். டபிள்யூ. வூட் என்பார் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிரைத் தடையின்றி விடும் கல்லுப்புப் பலகையாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. எனவே, காற்றை அடைத்து வைத்தலே கண்ணாடி மனையின் முதன்மையான தொழில் என்பது தெளிவாயிற்று. வளிமண்டலம் பூமியை வெம்மையாக வைத்திருக்கும் முறை இதனின் வேறானது. ஆயினும் அதற்கும் கண்ணாடி மனையின் பெயரையே சூட்டிவிட்டனர்.

பகலிலே பெற்ற இவ்வெம்மை இரவிலே எளிதிற் கழிந்துவிடும் என்பதே இத்தொழிலின் பெரிய இடர். முகிலற்ற இரவிலே தனிக் கண்ணாடியொன்று தரும் பாதுகாப்பு சதமவளவையில் இரண்டு மூன்று பாகைக்கு மேற்படுவதில்லை. ஆதலின் நண்பகலிலே வேனிற்காலம் போலத் தோன்றும் கண்ணாடி மனை, விடியற்காலையிலே வெளிநிலத்தைப் போலவே உறைந்து கிடத்தலுங் கூடும். நண்பகலிலே கதவைத் திறவாவிடின் பயிர் வெந்துபோம். மாலையிலே திறந்தபடி விட்டால் உறைந்துபோம். தீ மூட்டும் மனையிலே அடுப்பு இரவு முழுவதும் காவல் செய்கிறது. தீ மூட்டாத மனையிலே அக்காவலைத் தோட்டக்காரனே செய்தல் வேண்டும். எரிபொருளுக்குப் பதிலாக அங்கே செலவாவது மனிதனின் உறக்கம்.

இடைக்காலத்தைக் கடந்து பதினேழாம் நூற்றாண்டின் பிரான்சு நாட்டுக்கு வருவோமாயின், முன்பருவக் காய்கறி அரசவையின் பித்தாகவே மாறியிருத்தலைக் காணலாம். பதினான்காம் உலூயி மன்னனுக்காக இலா கான்தினி என்பார் 1678 முதல் 1683 வரை வெர்சாய் அரண்மனையின் அருகே காய்கறித் தோட்டமொன்றை அமைத்தார். சதுப்பு நிலத்தைத் தூர்த்து, உயர்ந்த மதில்களால் அதனைப் பல அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மதிலும் எந்நேரத்து வெயிலைப் பெறும் என்பதை ஆராய்ந்து பயிரிட்டார். திசம்பரிலே தண்ணீர்விட்டான் தளிரும், சனவரியிலே சலாதும், மார்ச்சு முடிவிலே செம்புற்றுப்பழமும், ஏப்பிரிலிலே பச்சைப் பட்டாணியும் மன்னனின் மேசைக்குச் சென்றன. பட்டாணியை உண்ணும் ஆசையும், உண்ட மகிழ்ச்சியும், மீண்டும் உண்ணும் நம்பிக்கையுமே அரசவையாரின் பேச்சாயிருந்தன என 1696இலே எழுதப்பட்ட கடிதமொன்றிலிருந்து அறிகிறோம். இலா கான்தினி சட்டம் பயின்றவர்; எழுதவல்லவர். அவர் நூல் அவர் இறந்தபின் 1690இல் வெளிவந்து ஐரோப்பாவெங்கும் பரவியது. அதனால் இக்கலையைக் கண்டவர் அவரே என்னும் எண்ணமும் பரவியது. அது முழுவதும் உண்மையன்று. மணிவடிவான கண்ணாடி மூடியும் குதிரை எருவின் சூடும் பாரிசு நகரத்துத் தோட்டக்காரரின் கருவிகளே. அரசனின் தோட்டத்திலே அவை பெருமை பெற்றன, பிறந்தது அங்கன்று.

பாரிசு நகரத்துத் தோட்டக்காரரைப் பிரெஞ்சு மொழி சதுப்புநிலத்தார் எனப் பொருள்படுஞ் சொல்லாற் குறிக்கிறது. நகரின் ஓரத்துத் தாழ்ந்த ஈரநிலங்களிலே அவர்கள் குடியிருந்தமையே காரணம். அந்நகரின் ஒரு பகுதி இன்றும் 'மரே', அதாவது சதுப்பு, என்றே அழைக்கப்படுகின்றது. தந்தையிடமிருந்து மகன் கற்று, தம் தொழிலாருள்ளேயே மணவினை செய்துகொண்டு, பிறர் அறியாவண்ணம் இக்கலையை அவர்கள் வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வேளாண்மைக் கழகமொன்று பரிசு அறிவித்த பின்னரே, மொறோ, தாவேர்ன் என்னும் தோட்டக்காரர் இருவர் தம் தொழிலைப்பற்றி ஒரு நூல் எழுதி 1845ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். நூற்பயிற்சி மிகுந்த அறிஞர் எழுதிய தோட்டக்கலை நூல்கள் அக்காலத்தே பலவிருந்தன. ஆயினும் மண்ணிலே முழங்காலிட்டவர் எழுதியதாதலின் இந்நூலுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு.

அந்நூல் தரும் கணக்கு வருமாறு: பாரிசு நகரிலும் அதன் புறத்திலுமாக 1,378 ஹெக்டயர் நிலம், 1,800 தோட்டக்காரர், அவர்தம் குடும்பத்தாரும் கூலியாளருமாக 9,000 பேர், 360,000 கண்ணாடிச் சட்டங்கள், 2,160,000 மணிக்கண்ணாடிகள். இவ்வெண்களை வகுத்துப் பார்ப்பின் தோட்டக்காரர் ஒருவருக்கு ஐந்து ஆட்களும் 200 சட்டங்களும் 1,200 மணிக்கண்ணாடிகளும் பிசகின்றி வருகின்றன. எனவே இவை ஒவ்வொன்றாக எண்ணிக் கண்ட தொகையல்ல. நடுத்தரமான ஒரு தோட்டத்தின் அளவைக் கொண்டு பெருக்கிப் பெற்றவை போலும். பின்வந்த ஆசிரியர் பலர் இதனை ஆராயாது எடுத்தாண்டுள்ளனர். மதிப்பீடேயாயினும் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் செய்த மதிப்பீடாதலின் அதனைத் தள்ளிவிடுதற்கில்லை. ஒரு நகரின் விளிம்பிலே இருபது இலட்சம் கண்ணாடி மணிகள் வெயிலிலே மின்னிக் கிடந்தன என்பதை மனக்கண்ணாற் பார்த்தல் நன்று.

மணிக்கண்ணாடி என்பது ஏறக்குறைய ஒன்றேகாலடி குறுக்களவும் அதேயளவு உயரமுமுள்ளதாய், அடி திறந்ததாய், மேலே குமிழ் வடிவாக மூடியதாய் வார்க்கப்பட்ட தடித்த கண்ணாடி மூடியாம். அதனைக் கொண்டு அவர்கள் செய்த மாரிகாலச் சலாதுச் செய்கை, தீயும் எருச்சூடுமின்றிச் செய்யும் முறைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தெற்கு நோக்கிச் சரியுமாறு மண்ணைக் கூட்டிப் பாத்தி அமைப்பர். தாழ்ந்து செல்லும் மாரிகாலத்து ஞாயிறு அச்சரிவிலே நேராக விழும். ஒற்றோபர் மாதத்திலே கண்ணாடியின் கீழ் விதைத்து, நாற்று ஓரிரு இலை விட்டதும் பறித்து, மீண்டுங் கண்ணாடியின் கீழேயே நெருக்கமாக நட்டு வளர்ப்பர். அவ்வாறு குளிரிலே பழகிய நாற்று, பின்னர் நிலையான இடத்திலே நடப்படும். ஒரு மணிக்கண்ணாடியின் கீழ் நடுவே உயர்ந்து வளரும் சலாது ஒன்றும், அதனைச் சுற்றிக் குறுகிப் பரவும் சலாது மூன்று நான்குமாக நடுவர். குறுகியவை முதலில் முற்றி அறுவடையாகும். இடம் பெற்ற நடுச்சலாது அதன்பின் முற்றும். கண்ணாடிகளுக்கிடையே வெறுமையாகக் கிடக்கும் மண்ணையும் அவர்கள் வீணாக்கவில்லை. அங்கேயும் நாற்று நட்டு, முதற்பயிர் நீங்கியதும் கண்ணாடியை அதன்மேற் கவிழ்த்தனர்.

பகலிலே காற்றுப் புகவேண்டின், படிப்படியாக வெட்டப்பட்ட சிறிய மரத்துண்டொன்றைக் கண்ணாடியின் விளிம்பின் கீழ்ச் செருகுவர். வெயிலின் அளவுக்கேற்ப முதற்படியிலோ இரண்டாம் படியிலோ கண்ணாடியை உயர்த்தி வைப்பர். காற்று வீசுந் திசைக்கு மறுபுறமாகவே திறப்பர். மாலையானதும் அனைத்தையும் தாழ்த்தல் வேண்டும். ஆயிரத்திருநூறு கண்ணாடிகளை நாள்தோறும் இருமுறை குனிந்து தொடுதல் எத்தகைய உழைப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பனி கடுக்கும் இரவுகளிலே கம்புத் தாளால் முடைந்த பாய்களை அவற்றின்மேல் விரித்து, குளிர் ஏற ஏற இரண்டாம் பாயையும் மூன்றாம் பாயையும் இடுவர். இப்பாய்களை முடைதல் இல்லத்தாரின் மாரிகால வேலையாயிருந்தது. தம் தொழிலார் ஆண்டில் ஏழு மாதங்கள் நாளொன்றுக்குப் பதினெட்டு முதல் இருபது மணி நேரமும், மாரிகாலத்து ஐந்து மாதங்கள் பதினான்கு முதல் பதினாறு மணி நேரமும் உழைத்தனர் என்றும், வெப்பமானியைப் பார்த்தற்கும் பாயை இரட்டித்தற்கும் நள்ளிரவிலே எழுந்து செல்வர் என்றும் மொறோவும் தாவேர்னும் கூறுகின்றனர். பரிசு பெறுதற்காகத் தம் தொழிலாரைச் சற்று உயர்த்திக் கூறினர் என்று கொண்டாலும், அதிலே பெரும்பகுதி உண்மையாகவே இருத்தல் வேண்டும்.

பாரிசு நகரத்தார் வெற்றிக்குக் குதிரை எருவே காரணம் என்று கூறுவாருமுளர். நகரத்து இலாயங்களிலிருந்து நாள்தோறும் கிடைத்த புதிய எருவைக் குவித்து மிதித்து, அதன்மேல் மண் பரப்பிக் கண்ணாடிச் சட்டத்தால் மூடினால், எரு புளித்துச் சூடேறிப் பயிரை வளர்க்கும். திசம்பரிலும் சனவரியிலும் முலாம்பழம், கரட், முள்ளங்கி முதலியவற்றின் செய்கையை அவர்கள் இவ்வாறே தொடங்கினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எருவின் சூடு சில வாரங்களிலே தணிந்துவிடும். அதன்பின் அச்சட்டப் பாத்தி கதிரவனையும் பாயையுமே நம்பிய குளிர்ப்பாத்தியாகும். முந்திய ஆண்டின் எரு மட்கி உண்டான கரிய மண்ணே அவர்தம் உண்மையான செல்வம். குரொப்பொற்கின் 1899இல் வெளியிட்ட தமது நூலிலே, போன்சு என்பாரது 2.7 ஏக்கர்த் தோட்டம் எட்டுப் பேரின் உழைப்பினால் ஓராண்டிலே 250,000 இறாத்தலளவு காய்கறி விளைத்தது எனக் கணக்குக் காட்டுகிறார். அத்தோட்டத்திலே மண் பெருகியமையால் ஆண்டுதோறும் 250 கன யார் மண்ணை விற்கவேண்டியிருந்ததாம். நிலத்தை வாடகைக்கு எடுக்கும் தோட்டக்காரர், விட்டு நீங்கும்போது தம் மண்ணையும் குறித்த ஆழம்வரை அள்ளிச் செல்ல உரிமை வேண்டும் என ஒப்பந்தத்திலே எழுதிக்கொண்டனர் என்றும் அவர் கூறுகிறார். நிலம் பிறனுடையது, மண் தன்னுடையது என்னும் இவ்வழக்கு வேளாண்மை வரலாற்றிலே அரிது.

அவ்வுரிமை அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஏனெனில் நகரம் அவர்களை ஓயாது துரத்தியது. ஒவ்வொரு முறையும் மதில் விரிய, தோட்டம் வெளியே தள்ளப்பட்டது. ஓசுமான் காலத்துப் பெருந்திருத்தங்களின்போது, 1860இலே, சுற்றுப்புறக் கிராமங்கள் பாரிசு நகரத்தோடு சேர்க்கப்பட்டன. காணியின் விலை ஏறியது. தோட்டக்காரர் மேலும் தொலைவிலுள்ள பொபீனி, கிரெத்தேல் முதலிய ஊர்களுக்குப் பெயர்ந்தனர். புகையிரதப் பாதை தென்பிரான்சின் வெயிலிலே விளைந்த காய்கறிகளை ஓரிரவிலே தலைநகர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கப்பல் வழியாக அல்சீரியாவின் விளைவும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மோட்டார் வண்டி பெருகக் குதிரையும் அதன் எருவும் குறைந்தன. நூற்றாண்டுகளாக வளர்ந்த ஒரு கலை இரண்டு தலைமுறைக்குள்ளே தேய்ந்துபோயிற்று. அது தோற்றது அறிவுக் குறைவினாலன்று. அதன் உழைப்புக்கு ஈடான விலையைச் சந்தை கொடுக்க மறுத்தமையினாலேயே.

இங்கிலாந்தின் வரலாறு வேறுவகைப்பட்டது. அங்கே கண்ணாடியின்மீது 1745ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறையளவான வரி விதிக்கப்பட்டு, சரியாக ஒரு நூற்றாண்டு நிலைத்து, 1845இலே நீக்கப்பட்டது. வரியிருந்த காலத்திலே கண்ணாடி மனை பிரபுக்களின் உடைமையாகவேயிருந்தது. அதனைக் கட்டவல்லோர் நிலக்கரி எரிக்கவும் வல்லோராதலின், தீ மூட்டா முறை அங்கே மதிக்கப்படவில்லை. வெயிலையே நம்புமாறு அவர்களுக்குக் கூறிய ஒருவருமுளர். நியூற்றனின் நண்பரான நிக்கலாசு பற்றியோ என்னும் கணித அறிஞர் 1699இலே வெளியிட்ட நூலிலே, பழமரத்துக்குரிய மதில்களை நிமிர்த்திக் கட்டாது ஞாயிற்றை நோக்கிச் சரித்துக் கட்டல் வேண்டும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். கணக்குப் பிழையன்று, எனினும் அவ்வகை மதில்கள் பரவவில்லை.

வரி நீங்குதற்கு முன்னரே அந்நாட்டிலே தோன்றிய சிறு கண்ணாடிப் பெட்டியொன்று இலங்கையின் வரலாற்றையும் தொட்டது. இலண்டன் மருத்துவரான வாட் என்பார் 1829இலே மூடிய கண்ணாடிப் புட்டியொன்றினுள் பன்னம் தானே முளைத்து வாழ்தலைக் கண்டார். அதிலிருந்து பிறந்த 'வாட் பெட்டி' தீயும் வேண்டாத, நாள்தோறும் நீரும் வேண்டாத ஒரு சிறு கண்ணாடி மனை. கப்பலின் மேற்றளத்திலே உப்புக்காற்றுப் படாமல் மாதக்கணக்காகச் செடியை அது காத்தது. 1876இலே கியூ தோட்டத்திலிருந்து 1,919 இறப்பர் நாற்றுக்கள் 38 வாட் பெட்டிகளிலே இலங்கைக்கு வந்தன. எனரத்கொடைத் தோட்டத்திலே அவற்றிலிருந்து வளர்ந்த மரங்களே இந்நாட்டு இறப்பர்த் தொழிலுக்கு வித்தாயின.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஆங்கிலேயர் பாரிசு முறையைத் திடீரெனக் கண்டுபிடித்தவர் போல வியந்தனர். ஈவ்சாம் பள்ளத்தாக்கிலும் எசெக்சுப் பகுதியின் மேலாந்திலும் பிரெஞ்சு முறைத் தோட்டங்கள் தோன்றின. 1909இலே தோமசு சிமித்து என்பார் அதுபற்றி நூலும் எழுதினார். ஒரு ஏக்கரிலே பெருஞ்செல்வம் என்னும் செய்தித்தாள் ஆரவாரம் சில ஆண்டுகளில் அடங்கியது. கண்ணாடியையும் பாயையும் விலைக்கு வாங்கலாம். தலைமுறை தலைமுறையாகக் கையிலே படிந்த பழக்கத்தை வாங்குதல் எளிதன்று. ஆரவாரமின்றி நிலைத்தது வேறொன்று. மேசர் சேசு என்பார் 1912இலே தட்டையான கண்ணாடித் துண்டுகளைக் கம்பியாற் பிணைத்துக் கூடாரம்போல் நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை முழுவதையும் மூடும் முறையை அமைத்தார். வார்த்த மணியைவிட இது மலிவு. உடைந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே, கடல்வழி உணவு தடைப்பட்டபோது, வீட்டுத் தோட்டந்தோறும் இக்கூடாரங்கள் நின்றன. அவற்றைக் கிட்லருக்கு எதிரான படைக்கலமாகத் தலைப்பிலேயே காட்டிய நூலொன்றும் அப்பொழுது வெளிவந்தது. ஒல்லாந்தரோ ஏறக்குறைய ஐந்தடி நீளமும் இரண்டரையடி அகலமுமுள்ள ஒற்றைக் கண்ணாடிச் சட்டத்தை வகுத்து, பாத்திக்கு மூடியாகவும், வேண்டும்போது நிமிர்த்திப் பிணைத்து மனையாகவும் அதனையே பயன்படுத்தினர்.

கண்ணாடியின் ஆட்சி முடிவுற்றது வேதியியலினாலாகும். 1933இலே இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றிலே எதிர்பாராது கிடைத்த பொலித்தீன், போரின் பின் மலிவான மென்தாளாக வந்தது. அமெரிக்காவிலே கெண்டக்கிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம்மேட் என்பார், கண்ணாடி வாங்கப் பணமில்லாமையால், 1948இலே மரச்சட்டத்தின்மேல் செலோபேன் தாள் போர்த்துச் சிறு மனையொன்று அமைத்தார். பின்னர் பொலித்தீனைக் கையாண்டார். பிளாத்திக்கு மனைகளின் பெருக்கம் அவ்வெளிய முயற்சியிலிருந்து தொடங்கியதெனலாம். கண்ணாடியின் ஒளியும் ஆயுளும் அத்தாளுக்கில்லை. ஆனால் ஏழைத் தோட்டக்காரனுக்கு எட்டிய முதற் காப்பு அதுவே.

பாரிசு நகரத்தாரின் முறையை மீண்டும் ஆராய்ந்து எடுத்தவர்களுள் அமெரிக்காவின் மேயின் மாநிலத்து இலியட் கோல்மன் குறிப்பிடத்தக்கவர். கடுங்குளிர் நிலவும் அக்கரையிலே, தீ மூட்டாத பிளாத்திக்கு மனையினுள்ளே பயிரின்மேல் மெல்லிய துணியை இரண்டாவது போர்வையாக விரித்து, மாரிகாலம் முழுவதும் கீரையும் கரட்டும் அறுவடை செய்து காட்டினார். ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தை ஏறக்குறைய 500 மைல் தெற்கே நகர்த்துகிறது என்பது அவர் கணக்கு. பழைய நூல்கள் தெளிவாகக் கூறாத ஒன்றையும் அவர் வற்புறுத்தினார். பகற்பொழுது பத்து மணி நேரத்திற்குக் குறையுமாயின், குளிரைத் தடுத்தாலும் பயிர் வளர்வதில்லை. உயிரோடு நிற்கும், அவ்வளவே. பாரிசு நகரிலே ஏறக்குறைய ஒற்றோபர் இறுதியிலிருந்து பெப்புருவரி இரண்டாம் வாரம் வரை அந்நிலைமை. ஆகவே இருள் வருமுன்னரே பயிரை முக்காற்பங்கு வளர்த்துவிடல் வேண்டும். பாரிசு நகரத்தார் ஒற்றோபர் மாதத்து விதைப்பை நாள் பிசகாது செய்ததன் காரணம் இதனால் விளங்குகிறது. இலை உறைந்திருக்கும்போது கையால் தொடலாகாது, நண்பகலிலே தானே உருகி நிமிரும்வரை பொறுத்தல் வேண்டும் என்பதும் இத்தொழிலார் அறிந்து பேணிய வழக்கமாம்.

எனினும் தீ மூட்டாத மனை மிகப் பெரிய அளவிலே வெற்றி பெற்றது பிரான்சிலுமன்று, அமெரிக்காவிலுமன்று, வடசீனத்திலேயாம். அங்கே மாரிகாலம் கடுங்குளிருடையதேனும் வானம் பெரும்பாலும் தெளிந்தது, வெயிலுக்குக் குறைவில்லை. லியாவோநிங் மாகாணத்து உழவர் வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் தடித்த மண்சுவர் எழுப்பி, தெற்கு நோக்கி வளைந்த கூரைக்கு மட்டும் பிளாத்திக்குத் தாள் போர்த்தனர். பகலெல்லாம் வெயிலை உண்ட வடசுவர் இரவிலே அவ்வெம்மையை மெல்ல உமிழ்கிறது. மாலையிலே கூரையின்மேல் வைக்கோற் பாய் விரிக்கப்படும், காலையிலே சுருட்டப்படும். பாரிசு நகரத்துப் பாயே அது; ஆயினும் சீனர் அதனைப் பாரிசு நகரத்தாரிடம் கற்றனர் எனக் கொள்ளுதற்கு ஆதாரமில்லை. 1980ஆம் ஆண்டுகளிலே இம்மனை திருத்தம் பெற்று, வெளியே நீர் உறையுங் காலத்திலும் நிலக்கரியின்றி வெள்ளரி காய்க்கச் செய்தது. 1989இலே சாண்டுங் மாகாணத்துச் சௌகுவாங் பகுதியிலே ஒரு கிராமத்தைச் சேர்ந்த 17 குடும்பத்தார் இதனை அமைத்துப் பயன் கண்டபின், அது வடசீனமெங்கும் பரவி, இலட்சக்கணக்கான ஹெக்டயரை மூடியது.

அதற்கு முன்னர், நவம்பர் மாதந்தோறும் பீக்கிங் நகரத்துத் தெருவோரங்களிலே சீனக் கோவா மலைபோற் குவிக்கப்படும். ஒவ்வொரு குடும்பமும் நூற்றுக்கணக்கான இறாத்தல் வாங்கி, படிக்கட்டிலும் முற்றத்திலும் அடுக்கி, வெளியிலைகள் காயக் காய உரித்து, இளவேனில் வரும்வரை அதனையே உண்டது. 1990ஆம் ஆண்டுகளிலே அக்குவியல்கள் ஆண்டுக்காண்டு சிறுத்தன. முதியோர் சிலர் பழக்கத்தை விடாது சில கோவாக்களை யன்னலோரத்தில் அடுக்கி வைத்தனர். இளையோர் சனவரி மாதத்திலும் சந்தைக்குப் போய்ப் பச்சை வெள்ளரி வாங்கினர்.